எஜமானரும் வேலையாளும்: கூலிக் கணக்கும் கடன் கணக்கும்

(கிராமக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களின் பொதுக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



எஜமானருக்கும் வேலையாளுக்கும் உள்ள உறவைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லும்படி எனக்குப் பணித்திருக்கிறீர்கள். இவ்விஷயம் ஆலைத் தொழிலாளர் கூட்டத்தில் பேசத்தக்கதாயிற்றே, கடன் கொடுத்து வாங்கும் கிராமச் சங்கத்தில் இதற்கு என்ன வேலை என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். ஆனால் இங்கே கூடியிருப்போரில், நடவுக்கோ அறுப்புக்கோ ஒருநாளேனும் கூலியாள் வைக்காத குடும்பம் அரிது. தம் வயல்வேலை ஓய்ந்த பின் பிறர் வயலுக்கோ, கரும்பு வெட்டுக்கோ, செங்கற் சூளைக்கோ கூலிக்குப் போகாத குடும்பமும் அரிது. ஐப்பசியில் எஜமானராக இருப்பவர் சித்திரையில் வேலையாளாக இருக்கிறார். ஆகையால் இன்று நான் பேசப்போவது பிறரைப் பற்றியதன்று, நம்மைப் பற்றியதே.

எஜமானர் அன்பாக இருக்கவேண்டும், வேலையாள் விசுவாசமாக இருக்கவேண்டும் என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. அன்பும் விசுவாசமும் நல்லவையே. ஆயினும் அவற்றை மட்டும் நம்பி ஓர் உறவை நிறுத்த முடியாது. கணக்கு நேராக இருந்தால்தான் அன்பும் நிலைக்கும். நான் சொல்ல வந்தது ஒரே ஒரு விஷயம். கூலிக் கணக்கும் கடன் கணக்கும் ஒரே ஏட்டில் இருக்கலாகாது. எவரிடம் ஒருவன் வேலை செய்கிறானோ அவரிடமே அவன் கடன்பட்டிருந்தால், அங்கே எஜமானர், வேலையாள் என்ற உறவு மறைந்து, கட்டினவர், கட்டுண்டவன் என்ற உறவு வந்துவிடுகிறது. இவ்விரண்டு கணக்குகளையும் பிரித்து வைக்கும் வல்லமை கிராமத்தில் வேறெந்த ஸ்தாபனத்தையும்விட நமது கூட்டுறவுச் சங்கத்துக்கே அதிகம் உண்டு. இதனை விளக்குவதே என் நோக்கம்.

பழைய பண்ணை முறை

தஞ்சைப் பகுதியில் பண்ணையாள் முறை எவ்வாறிருந்தது என்பதைப் பெரியோர்கள் அறிவார்கள். பண்ணையாள் ஆண்டு முழுதும் ஒரு மிராசுதாரின் நிலத்தில் வேலை செய்வான். அவன் மனைவியும் நடவுக்கும் களைக்கும் வருவாள். பிள்ளை மாடு மேய்ப்பான். கூலி பெரும்பாலும் நெல்லாகவே அளக்கப்படும். அறுப்புக் காலத்தில் களத்திலே ஒரு பங்கு கிடைக்கும். பொங்கலுக்கு வேட்டி புடவை, கலியாணத்துக்கும் சாவுக்கும் கைமாற்று, குடியிருக்க ஒரு மனைக்கட்டு, இவை யாவும் பண்ணையிலிருந்தே வரும்.

இம்முறையில் நன்மையே இல்லை என்று சொல்லுவது நியாயமன்று. பஞ்ச காலத்தில் வேலையாள் குடும்பத்துக்கு நெல் அளந்து காப்பாற்றிய மிராசுதார்கள் உண்டு. ஆனால் அந்த நெல், அந்த மனைக்கட்டு, அந்தக் கைமாற்று ஆகிய எல்லாம் கொடுப்பவருடைய சித்தத்தைப் பொறுத்தவை. வேலையாளுக்கு அவற்றில் உரிமை என்று ஒன்றும் கிடையாது. கூலி போதவில்லை என்று சொன்னால், "முதலில் என் கடனைக் கொடு, என் மனையை விட்டு எழுந்து போ" என்று ஒரே வாக்கியத்தில் பதில் சொல்லிவிடலாம். கூலி, கடன், குடியிருப்பு ஆகிய மூன்றும் ஒரே கையில் இருந்தபடியால், வேலையாளுக்குப் பேசுவதற்கு வாய் இருந்தும் இல்லாமற் போயிற்று.

இந்தியாவில் அடிமை முறையை நியாயஸ்தலங்கள் அங்கீகரிக்கக்கூடாது என்று 1843 ஆம் ஆண்டிலேயே ஐந்தாவது சட்டம் விதித்துவிட்டது. ஒரு மனிதனை இன்னொருவன் உடைமையாக வைத்திருக்கும் உரிமை அன்றோடு சட்டத்தில் இல்லாமற் போயிற்று. ஆனால் அடிமைச் சாசனம் போன இடத்தில் கடன் சீட்டு வந்து அமர்ந்தது. சென்னைச் சர்வகலாசாலையில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர், தம் மாணவர்களைக் கொண்டு தென்னிந்தியக் கிராமங்கள் சிலவற்றை ஆராய்ந்து 1918-ல் ஒரு நூல் வெளியிட்டார். தென்னார்க்காடு ஜில்லாவின் இருவேல்பட்டுக் கிராமத்தில், கலியாணச் செலவுக்கு வாங்கிய கடனுக்காக நிலக்காரருக்குக் கட்டுப்பட்டு உழைத்துவந்த படியாட்களின் நிலை அதில் காணப்படுகிறது. சட்டத்தால் விடுதலை பெற்றவன் கடனால் மீண்டும் கட்டுண்டான் என்பதற்கு இது போதிய சாட்சி.

சட்டமே கட்டுக்குத் துணை நின்ற காலம்

கடன் கொடுத்தவர் தம் பணத்தைச் சிவில் வழக்குப் போட்டு வாங்குவது உலக வழக்கம். ஆனால் வேலைக்காக முன்பணம் கொடுத்தவர் விஷயத்தில் 1859 ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது சட்டம் வேறு வழி காட்டிற்று. முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையை விட்டுவிட்டால், எஜமானர் மாஜிஸ்ட்ரேட்டிடம் முறையிடலாம். பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்படியோ, ஒப்புக்கொண்ட வேலையைச் செய்யும்படியோ மாஜிஸ்ட்ரேட்டு உத்தரவிடுவார். அவ்வுத்தரவை மீறினால் மூன்று மாதம் வரை கடுங்காவல். எஜமானர் கூலியை நிறுத்திக்கொண்டால் அவருக்கு இத்தகைய சிறைத்தண்டனை அச்சட்டத்தில் இல்லை. கையில் வாங்கிய முன்பணம் காலில் விலங்காக மாறுவதற்குச் சர்க்காரே துணை நின்றதென்று சொல்லலாம். இச்சட்டத்தை நீக்க 1925-ல் தான் மற்றொரு சட்டம் பிறந்தது.

கடல் கடந்த தமிழருக்கும் இதே கதை நேர்ந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு நம் ஜில்லாக்களிலிருந்து போனவர்கள், வழிச்செலவு முதலியவற்றுக்குக் கங்காணியிடம் பட்ட கடனோடுதான் தோட்டத்தில் கால் வைத்தார்கள். ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்கு மாறவேண்டுமானால், கடன் தொகையைக் குறித்து, அதைச் செலுத்தினால் ஆட்களை விடுவதாகத் தோட்டத்துரை ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார். அதற்குத் "துண்டு" என்று பெயர். புதிய தோட்டக்காரர் தொகையைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்வார். தொழிலாளி தோட்டம் மாறினான், கடன் மாறவில்லை. 1921-ல் அத்துண்டு முறை அங்கே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

இவை எல்லாவற்றிலும் கொடியது, பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்குப் பிள்ளைகளை ஈடு வைத்த வழக்கம். இந்தியத் தொழிலாளர் நிலையை விசாரித்த ராயல் கமிஷனார், 1931-ல் வெளியிட்ட அறிக்கையில், அமிர்தசரஸின் கம்பளத் தொழிலிலும் சென்னை மாகாணத்துப் பீடித் தொழிலிலும் இவ்வழக்கம் இருந்ததை எடுத்துக் காட்டினார்கள். அதன் பயனாக 1933-ல், பதினைந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் உழைப்பை அடகு வைக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று சட்டம் செய்யப்பட்டது. அடகு வைப்பதற்கு நிலமும் நகையும் இல்லாதவன் தன் கைகால்களை வைத்தான். அதுவும் போதாதபோது பிள்ளையின் கைகால்களை வைத்தான். அவனுக்கு வேறிடத்தில் நியாயமான கடன் கிடைத்திருந்தால் இதைச் செய்திருப்பானா?

வட்டியில்லாக் கடனின் விலை

"நான் வேலையாளுக்கு முன்பணம் கொடுக்கிறேன், ஒரு காசு வட்டி வாங்குவதில்லை, இதில் என்ன தவறு?" என்று கேட்கும் எஜமானர்கள் உண்டு. அவர்கள் நல்லெண்ணத்தோடு கேட்கிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். கணக்கை மட்டும் பார்ப்போம்.

ஒருவன் சூளை வேலைக்காக ரூ. 20,000 முன்பணம் வாங்குகிறான் என்று உதாரணத்துக்காக எண்ணுங்கள். வெளியே நாட்கூலி ரூ. 500. முன்பணம் வாங்கியவனுக்கு, வாங்கிய காரணத்தினாலேயே ரூ. 400 பேசப்படுகிறது. மாதம் 25 நாள் வேலை. பருவம் ஆறு மாதம். நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் குறைவதால், மாதத்துக்கு ரூ. 2,500, பருவம் முடிவதற்குள் ரூ. 15,000 அவன் இழந்துவிடுகிறான். இருபதினாயிரம் ரூபாயை ஆறு மாதம் வைத்திருந்ததற்கு அவன் கொடுத்த விலை பதினையாயிரம். அதே தொகையை நூற்றுக்கு ஆண்டொன்றுக்குப் பன்னிரண்டு வட்டியில் ஒரு சங்கத்தில் வாங்கியிருந்தால், ஆறு மாத வட்டி ரூ. 1,200. வட்டியில்லாக் கடன், வட்டிக் கடனைவிடப் பன்னிரண்டு மடங்குக்கு மேல் விலையுள்ளதாக முடிந்தது!

இம்மட்டோடு நின்றதா? முதல் அப்படியே நிற்கிறது. வாரந்தோறும் சாப்பாட்டுச் செலவுக்குக் கொடுத்த காசு கணக்கில் ஏறுகிறது. நடுவில் பிள்ளைக்கு நோய் வந்தால் மேலும் ஆயிரம் ஏறுகிறது. கணக்கு ஏடு எஜமானர் வீட்டில் அல்லது மேஸ்திரி பையில் இருக்கிறது. பருவம் முடியும்போது "இன்னும் இவ்வளவு நிற்கிறது, அடுத்த பருவத்துக்கும் வந்துவிடு" என்கிறார்கள். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பது நிலக்காரனைப் பற்றிய பழமொழி. முன்பணம் வாங்கியவனோ கணக்கைப் பார்க்கவே பெறுவதில்லை.

எஜமானருக்குத்தான் இதில் லாபமா என்று ஆராய்ந்தால், அதுவும் இல்லை. கட்டுண்டவனுக்கு நன்றாக வேலை செய்தாலும் கூலி ஏறாது, மோசமாகச் செய்தாலும் வேலை போகாது. ஆகவே அவன் கை சுறுசுறுப்பாக ஓடுவதில்லை. கட்டு தாங்காமற் போனால் இரவோடிரவாக ஓடிவிடுகிறான். முன்பணமும் போகிறது, பருவ வேலையும் நிற்கிறது. இதற்குப் பயந்து எஜமானர் காவல் வைக்கிறார். காவல் வைத்த இடத்தில் பகை வளர்கிறது. அடுத்த வயற்காரர் அதிக முன்பணம் கொடுத்து ஆளை இழுத்துக்கொண்டால், இரு எஜமானர்களுக்கும் விரோதம் உண்டாகிறது. ஊருக்குள் எத்தனையோ சண்டைகளுக்கு வித்து இதுவே.

சண்டையும் சமாதானமும்

கூலியைப் பற்றி அபிப்பிராய பேதம் உண்டாவது இயல்பே. கொடுப்பவர் குறைக்கவும் பெறுபவர் கூட்டவும் விரும்புவர். பேதம் வரக்கூடாதென்பதன்று நம் எண்ணம். வந்த பேதத்தைத் தீர்க்க வழி இருக்கவேண்டும் என்பதே.

1918-ல் ஆமதாபாத் நெசவாலைகளில் ஒரு பெரும் தகராறு நேர்ந்தது. பிளேக் நோய்க் காலத்தில் கொடுத்துவந்த சலுகைப் பணத்தை ஆலை முதலாளிகள் நிறுத்தினார்கள். தொழிலாளர் நூற்றுக்கு 50 கூலி உயர்வு கேட்டார்கள். முதலாளிகள் 20 கொடுப்பதாகச் சொன்னார்கள். காந்தியடிகள் இரு தரப்பாரின் கணக்கையும் ஆராய்ந்து, நியாயமான உயர்வு 35 என்று கண்டு, தொழிலாளரை அதற்கு இசையச் செய்தார். முதலாளிகளுக்குத் தலைமை வகித்தவர் அம்பாலால் சாராபாய். தொழிலாளருக்காக உழைத்தவர் அவருடைய சகோதரி அனசூயா பென். தமக்கையும் தம்பியும் எதிரெதிரே நின்ற போராட்டம் அது. வேலை நிறுத்தம் நீடித்துத் தொழிலாளர் தளர்ந்தபோது காந்தியடிகள் மூன்று நாள் உபவாசம் இருந்தார். முடிவில் ஆனந்தசங்கர் துருவர் என்னும் கல்விமானை மத்தியஸ்தராக வைக்க இரு கட்சியாரும் உடன்பட்டனர். அவருடைய தீர்ப்பும் 35 என்றே வந்தது. இரு தரப்பாரும் நம்பும் ஒருவர் கணக்கைத் திறந்து பார்த்துச் சொன்ன தீர்ப்பாதலால் அது நின்றது என்பதே இதில் நமக்குரிய பாடம்.

நம் நாட்டுக்கு வருவோம். தஞ்சைப் பண்ணையாட்களின் கூலியைப் பற்றி 1948-ல் மாயூரத்தில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. 1952-ல் தஞ்சாவூர்ச் சாகுபடிதாரர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்து, பண்ணையாளின் கூலிக்கு விகிதம் வகுத்ததோடு, நினைத்தபடி வேலையிலிருந்து நீக்குவதையும் கட்டுப்படுத்திற்று. ஆயினும் சட்டம் ஊருக்குள் நடந்து வருவதற்குக் காலம் செல்லுகிறது. கூலித் தகராறும், வெளியூர் ஆட்களை அறுப்புக்குக் கொண்டுவந்ததால் மூண்ட பகையும் முற்றி, 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் ஒரு குடிசையில் அடைக்கலம் புகுந்த 44 பேர் தீயில் மாண்டனர். அவர்களிற் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அதற்குப் பின்னரே கணபதியா பிள்ளை கமிஷன் கீழைத் தஞ்சைக் கூலி நிலையை விசாரித்தது. 1969-ல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் பிறந்தது. 1971-ல் குடியிருப்பு மனைகள் அவற்றில் வாழ்ந்தவர்களுக்கே உரிமையாக்கப்பட்டன. மத்தியஸ்தர் முன்னிலையில் பேசித் தீர்த்திருக்கவேண்டியவை, அத்தனை உயிர்கள் போன பின் தீர்ந்தன. இதை நினைக்குந்தோறும் நெஞ்சம் கலங்காதார் யார்?

இக்காலத்துச் சட்டம்

1950-ல் அமலுக்கு வந்த நமது அரசியல் சாசனத்தின் 23 ஆம் விதி, வெட்டி வேலையையும் கட்டாய வேலையையும் தடுக்கிறது. 1976 ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், கடனுக்காக உழைப்பைக் கட்டும் ஒப்பந்தம் எதுவும் செல்லாது என்கிறது. அத்தகைய கடன் முழுதும் ஒழிந்ததாகவே கருதப்படும். அதை வசூலிக்க எவருக்கும் உரிமை இல்லை. விடுதலை பெற்றவனை அவன் குடியிருந்த மனையிலிருந்து எழுப்பவும் கூடாது. ஒருவரைக் கட்டாயப்படுத்திக் கொத்தடிமை வேலை வாங்குகிறவருக்கு மூன்றாண்டு வரை சிறையும் இரண்டாயிரம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. 1982-ல் நாட்டின் உச்ச நீதிமன்றத்தார், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே ஒருவனை வேலை வாங்குவதும் கட்டாய வேலையே என்று தீர்ப்புச் சொன்னார்கள். தடியால் அடித்து வேலை வாங்குவது மட்டும் கட்டாயமன்று. பசியின் காரணமாக ஒருவன் அற்பக் கூலிக்கு இசைவதும் கட்டாயத்தின்பாற் பட்டதே என்பது அத்தீர்ப்பின் சாரம்.

கூட்டுறவாளர்களாகிய நாம் முக்கியமாகக் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. 1976 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஜில்லாக்களில் கண்காணிப்புக் குழுக்கள் அமைக்கப்படுகின்றன. விடுதலை பெற்ற வேலையாட்களுக்குப் போதிய கடன் கிடைக்கும்படி, கிராம வங்கிகளின் வேலையையும் கூட்டுறவுச் சங்கங்களின் வேலையையும் இணைத்து நடத்துவது அக்குழுக்களின் கடமைகளில் ஒன்றெனச் சட்டமே சொல்லுகிறது. கட்டை அறுப்பது நீதிமன்றத்தின் வேலை. அறுந்த கட்டு மீண்டும் முடியாமற் பார்ப்பது கடன் சங்கத்தின் வேலை என்று சட்டம் இயற்றியவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

சங்கம் செய்யத்தக்கவை

நம் இயக்கத்தின் தோற்றத்தையே நினைத்துப் பாருங்கள். சென்னை மாகாணத்துக் கிராமவாசிகளின் கடன் தொல்லையை ஆராய்ந்த பிரடெரிக் நிக்கல்சன் 1895-ல் தமது அறிக்கையை வெளியிடத் தொடங்கினார். 1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அவ்வாண்டிலேயே செங்கற்பட்டு ஜில்லாவின் திரூரில் இம்மாகாணத்தின் முதற் சங்கம் பதிவாயிற்று. 1920-க்குப் பின் தொழிலாளர் இலாகாவார், நிலமற்ற ஏழைகளுக்கு வீட்டு மனைகள் வாங்கிக் கொடுத்துத் தவணைகளில் பணத்தைத் திரும்பப் பெறுவதற்குக் கூட்டுறவுச் சங்கங்களையே கருவியாகக் கொண்டார்கள். ஆகவே நான் கேட்பது புதுமையான காரியமன்று. நமது முன்னோர் தொடங்கி வைத்த காரியத்தின் தொடர்ச்சியே. ஆறு வழிகளைச் சொல்லுகிறேன்.

முதலாவது, பருவத் தொடக்கத்தில் கூலியை நிச்சயம் செய்தல். நடவுக்கு முன்னும் அறுப்புக்கு முன்னும் ஆள் வைப்போரும் ஆளாய்ப் போவோரும், ஆண்களும் பெண்களும், சங்கக் கட்டிடத்தில் ஒருநாள் கூடவேண்டும். அரசாங்கம் விதித்த குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாமல் ஒரு விகிதத்தைப் பேசி முடித்து, வேலை நேரத்தையும் குறித்து, சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டவேண்டும். வேலை நடுவில் பேசும் பேரம் சண்டையில் முடியும். வேலைக்கு முன் பேசும் பேரம் ஒப்பந்தத்தில் முடியும்.

இரண்டாவது, கணக்கு வேலையாளின் கையிலும் இருத்தல். ஒரு சிறு புத்தகம் போதும். நாள், வேலை, கூலி, கொடுத்த தொகை ஆகிய நான்கு பத்திகள். எஜமானர் கையெழுத்து அதில் விழவேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்குச் சங்கக் குமாஸ்தா வாரம் ஒருமுறை படித்துச் சொல்லலாம். பெண்ணின் கூலியைப் பெண்ணின் கையிலேயே கொடுக்கவேண்டும். ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்பது 1976 முதல் நாட்டின் சட்டமாக இருந்துவருகிறது. நெல்லாக அளப்பதானால் முத்திரையிட்ட அளவையால் நல்ல நெல்லை அளக்கவேண்டும். வாங்கும்போது ஒரு மரக்கால், கொடுக்கும்போது வேறு மரக்கால் என்ற அவச்சொல் எந்த வீட்டுக்கும் வரலாகாது. பதரும் கருக்காயும் கூலியாகா.

மூன்றாவது, வேலையாட்களை அங்கத்தினராகச் சேர்த்தல். நிலம் உள்ளவருக்கே சங்கம் என்ற எண்ணம் இன்னும் பல ஊர்களில் மாறவில்லை. வேலையாள் முன்பணத்துக்குக் கை நீட்டுவது எப்பொழுது? வயலில் வேலை இல்லாத மாதங்களிலும், நோய், கலியாணம், பிள்ளையின் பள்ளிச் செலவு ஆகியவை வரும்போதும். அக்காலங்களை முன்பே அறிந்து, விதிகளுக்கு உட்பட்டுச் சிறு கடன் கொடுப்பதற்கு ஒரு தொகையை ஆண்டுத் தொடக்கத்திலேயே ஒதுக்கவேண்டும். வேலை உள்ள மாதங்களில் சிறு சேமிப்பை அவர்களிடமிருந்து வாங்கி வைக்கவும் வேண்டும். கடன் மட்டும் கொடுத்துச் சேமிப்பைப் பழக்காத சங்கம் பாதி வேலையே செய்கிறது.

நான்காவது, வேலையாளின் கடனுக்கு அவன் எஜமானரை ஜாமீனாக ஏற்காதிருத்தல். இது சிறிய விஷயமாகத் தோன்றலாம். ஆனால் இதிலேதான் பல நல்ல முயற்சிகள் கெட்டுப் போகின்றன. எஜமானர் ஜாமீன் கொடுத்தால், தவணையை அவரே கூலியிற் பிடித்துக் கட்டுவார். வேறிடம் போக நினைத்தால் ஜாமீனைச் சொல்லித் தடுப்பார். வாசல் வழியாக அனுப்பிய கட்டு ஜன்னல் வழியாகத் திரும்பிவிடும். வேலையாட்கள் நால்வர் ஐவர் சேர்ந்து ஒருவருக்கொருவர் ஜாமீன் நிற்பதே மேலானது. தவணையை வேலையாளே சங்கத்துக்கு வந்து கட்டி, தன் பெயருக்கு ரசீது வாங்கவேண்டும்.

ஐந்தாவது, பழைய கட்டுகளை அவிழ்த்தல். நம் அங்கத்தினரில் எவரேனும் முன்பணம் கொடுத்து ஆள் பிடித்து வைத்திருப்பாரானால், அந்த ஏட்டை இப்பருவத்தோடு முடித்துவிடவேண்டும். இதைத் தர்மமென்று செய்தாலும் சரி, சட்டத்துக்குப் பயந்து செய்தாலும் சரி, செய்யவேண்டும். நம்மூர் ஆள் வெளியூர்ச் சூளையிலோ அரிசி ஆலையிலோ கட்டுண்டிருப்பது தெரிந்தால், சப் கலெக்டருக்கோ ஜில்லா கலெக்டருக்கோ எழுதித் தெரிவிப்பது சங்கத்தின் கடமை.

ஆறாவது, சங்கமே நல்ல எஜமானராக இருத்தல். நம் சங்கத்துக்குக் காரியதரிசி, குமாஸ்தா, கடை விற்பனையாளர், காவலாளி, மூட்டை தூக்குவோர் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சம்பளம் உரிய தேதியில் கிடைக்கிறதா? பிறருக்கு உபதேசம் செய்யும் முன் இதைக் கேட்டுக்கொள்ளவேண்டும். பல மாதம் சம்பளம் பாக்கி வைத்துவிட்டு, பணப் பெட்டியின் சாவியை ஒருவரிடம் கொடுப்பது அவருக்கும் அநீதி. பணம் போட்ட அங்கத்தினருக்கும் ஆபத்து.

இரண்டு ஆட்சேபணைகள்

"முன்பணம் கொடுக்காவிட்டால் ஆள் வரமாட்டான்" என்பது ஒன்று. ஆள் வராமைக்குக் காரணம் முன்பணம் இல்லாமை என்று நினைக்கிறோம். உண்மையில் கூலி குறைவு, அல்லது கொடுக்கும் நாள் நிச்சயமில்லை. வேலை முடிந்த அன்றே முழுக் கூலியும் கிடைக்கும் வீட்டுக்கு ஆள் தானாக வருகிறான். அவனுக்கு அவசரத் தேவை வந்தால் சங்கம் இருக்கிறது என்ற தைரியம் உண்டானால், முன்பணம் கேட்கும் வழக்கம் மெல்ல மெல்ல ஒழியும்.

"கட்டு இல்லாவிட்டால் வேலையாளுக்குப் பொறுப்பு இராது" என்பது மற்றொன்று. பொறுப்பு இரு தரப்பாருக்கும் உரியது என்பதை நான் மறுக்கவில்லை. ஒப்புக்கொண்ட நேரத்துக்கு வருவதும், ஒப்புக்கொண்ட வேலையைக் குறைவின்றிச் செய்வதும், எஜமானரின் மாட்டையும் கருவியையும் தன்னுடையவை போலப் பேணுவதும், அறுப்பு நடுவில் சொல்லாமல் விட்டுப் போகாதிருப்பதும் வேலையாளின் கடமை. இரண்டு பேரிடம் கை நீட்டி இருவரையும் ஏமாற்றுபவன் தனக்கு மட்டுமன்றித் தன் இனத்தார் அனைவருக்கும் கெட்ட பெயர் தேடுகிறான். சங்கத்தில் வாங்கிய கடனைத் தவணை தவறாமல் கட்டுவதும் அவன் கடமையே. அவன் கட்டினால்தான் அடுத்தவனுக்குக் கொடுக்க முடியும். ஆனால் இப்பொறுப்பெல்லாம் சுதந்தரமுள்ளவனிடம்தான் வளரும். போக முடியாததால் நிற்பவனிடம் பொறுப்பை எதிர்பார்ப்பது வீண். போக முடிந்தும் நிற்பவனே நல்ல வேலையாள். போக முடிந்தும் ஆள் நிற்கும் வீட்டுக்காரரே நல்ல எஜமானர்.

அங்கத்தினர்களே! நம் சங்கத்தின் பேரேட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் இருக்கிறது. வரவு ஒருபுறம், பற்று ஒருபுறம். எவருடைய வரவையும் மற்றவருடைய பற்றில் எழுதுவதில்லை. இந்த ஒழுங்கை வயல்வெளிக்கும் களத்துமேட்டுக்கும் கொண்டுபோவதே நான் வேண்டுவது. இந்தப் பொதுக் கூட்டம் கலைவதற்கு முன், வருகிற பருவத்துக்குக் கூலி பேசும் நாளைக் குறித்தும், வேலையாட்களுக்கான சிறு கடனுக்குத் தொகை ஒதுக்கியும் இரண்டு தீர்மானங்கள் நிறைவேற்றும்படி தலைவர் அவர்களையும் உங்களையும் மிகுந்த வணக்கத்துடன் கேட்டுக்கொண்டு என் பேச்சை முடித்துக்கொள்ளுகிறேன்.